சைக்காலஜி எடுக்கலாமா மிஸ்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள் பள்ளி அலுவலகத்தில் கூட்டம் அதிகமாகவே இருக்கும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நகல் என்று ஆளுக்கொரு காகிதம் கையில் இருக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து விலகி என் மேசையருகே வந்து நின்று மெதுவாகக் கேட்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. "மிஸ், சைக்காலஜி எடுக்கலாமா?"

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியை. ஆறு முதல் பத்து வரைதான் என் வகுப்புகள். உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பு சில ஆண்டுகளாகக் கூடுதலாக என்னிடம் இருக்கிறது. தொடக்கத்தில் இந்தக் கேள்வி ஆண்டுக்கு ஒன்று வந்தாலே அதிகம். பி.காம்., நர்சிங், கணினி அறிவியல் என்றுதான் கேட்பார்கள். இப்போது ஏழெட்டுப் பேராவது உளவியலைப் பற்றிக் கேட்கிறார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு மனநலம் என்ற சொல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கைப்பேசியில் அதைப் பற்றிப் பேசுபவர்களும் பெருகிவிட்டார்கள். காரணம் எதுவானாலும் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

முதலில் வந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் தவறானது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் வணிகவியல் பிரிவில் படித்தவள். வகுப்பில் யார் அழுதாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். நன்றாகப் பேசுவாள், அதைவிட நன்றாகக் கேட்பாள். உளவியல் படிக்கட்டுமா என்று அவள் கேட்டபோது நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பேசுறதுதானே, உனக்கு நல்லா வரும், சேர்ந்துக்கோ" என்றேன். பி.எட். படிப்பில் பியாஜேயும் ஸ்கின்னரும் எழுதித் தேர்ச்சி பெற்றவள் என்ற தைரியம் எனக்கு. நமக்கு வந்தது கல்வி உளவியல் என்ற ஒரே ஒரு தாள். பெரிய வீட்டின் ஓர் அறையை மட்டும் பார்த்துவிட்டு வீடு முழுவதையும் பார்த்ததுபோலப் பேசினேன்.

அவள் அம்மா தோட்டை அடகு வைத்து ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்த்தார். மூன்றாம் பருவம் முடிந்ததும் அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றில் திருத்தம் வேண்டிப் பள்ளிக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டேன். "பேசுறதுக்கா மிஸ் இவ்வளவு கணக்கு, இவ்வளவு இங்கிலீஷ்?" என்றாள். குற்றம் சாட்டும் குரலில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். புள்ளியியலில் ஒன்றும் உயிரியல் உளவியலில் ஒன்றுமாக இரண்டு அரியர். இப்போது எங்கள் ஊர் ஜவுளிக் கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள்.

அன்று மாலைதான் ஒரு பல்கலைக்கழகத்தின் இளநிலை உளவியல் பாடத்திட்டத்தை முதல்முறையாகத் திறந்து பார்த்தேன். இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. அவள் சேர்வதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது.

எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை எடுத்தாலும் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், அதற்குப் பிறகு திறன் வளர்ப்புத் தாள்கள். நாம் பார்க்க வேண்டியது மூன்றாம் பகுதி. முதலாண்டில் பொது உளவியல் வரும். புலன்காட்சி, கவனம், கற்றல், நினைவு, ஊக்கம், மனவெழுச்சி, நுண்ணறிவு, ஆளுமை எல்லாம் அதில் அடங்கும். கூடவே உயிரியல் உளவியல் இருக்கும். நரம்பணு, மூளையின் பகுதிகள், நாளமில்லாச் சுரப்பிகள் என்று அது முழுக்க முழுக்க விலங்கியல் பக்கம் நிற்கும் பாடம். அடுத்து வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், புள்ளியியல், பரிசோதனை உளவியல் செய்முறை, ஆராய்ச்சி முறைகள். இறுதியாண்டை ஒட்டித்தான் பிறழ்நிலை உளவியலும் நிறுவன உளவியலும் தலைகாட்டும். ஆலோசனை உளவியல் என்ற தாள் பெரும்பாலும் கடைசிப் பருவங்களில் ஒன்றோ இரண்டோ இருக்கும்.

என் மாணவி எதற்காகச் சேர்ந்தாளோ அது மூன்றாமாண்டில் இருந்தது. அவள் இரண்டாமாண்டின் நடுவிலேயே வெளியே வந்துவிட்டாள்.

உளவியல் இப்படி அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. தத்துவத்துக்குள் இருந்த மனம் பற்றிய கேள்விகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்ததிலிருந்துதான் இந்தத் துறை தனியாகப் பிரிந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் 1879இல் ஆய்வகம் அமைத்ததைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். இந்தியாவில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916இல் துறை தொடங்கியது. இன்றும் சில இடங்களில் இது பி.ஏ. ஆகவும் சில இடங்களில் பி.எஸ்சி. ஆகவும் இருப்பதற்கு அந்தப் பழைய தத்துவ உறவும் ஒரு காரணம். பெற்றோர் பலர் பி.எஸ்சி. என்றால் உசத்தி என்று நினைக்கிறார்கள். பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. செய்முறைத் தாள்கள் எத்தனை, புள்ளியியல் எத்தனை பருவம் என்று எண்ணிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் இரண்டு கல்லூரிகளில் ஒரே பாடத்திட்டம் இருக்க வேண்டும் என்பதில்லை. இணைவுக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும். தன்னாட்சிக் கல்லூரி தானே வகுத்துக்கொள்ளும். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும், படித்தது வேறாக இருக்கும். ஆகவே மாணவர் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாரோ அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தையே பார்க்க வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். உளவியல் என்று யார் வந்தாலும் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைக்கிறேன். அவர்கள் நினைத்திருக்கும் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் திறந்து, ஒவ்வொரு தாளின் பெயரையும் அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். புரியாத சொல்லுக்கு நாங்கள் சேர்ந்து தமிழ் தேடுகிறோம். பிறகு தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் வெளியிட்டுள்ள பதினோராம் வகுப்பு உளவியல் புத்தகத்தை இறக்கி, நினைவு பற்றிய பாடத்தில் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்கிறேன். மத்திய பாடத்திட்டப் பள்ளிப் பிள்ளைகள் பிளஸ் ஒன்னிலேயே படிக்கும் புத்தகம் அது, இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி வகுப்பில் நம் பிள்ளை பக்கத்து இருக்கையில் இதைப் படித்து முடித்தவர் இருக்கலாம். அது முன்கூட்டியே தெரிவது நல்லது. இரண்டு பக்கத்தை அகராதியுடன் அரை மணி நேரத்தில் தாண்டியவர்கள் கல்லூரியிலும் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். தமிழ்வழியில் படித்ததால் முடியாது என்று யாரையும் நான் திருப்பி அனுப்புவதில்லை. கோடை விடுமுறையில் அந்தப் புத்தகத்தை முடித்துவிட்டுப் போ என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்து ஒரு சோதனை. இதைச் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே செய்யலாம். இரண்டு தாள்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்ற சொற்களை அந்தந்த நிற மையிலேயே கலந்து கலந்து இருபது முறை எழுதுங்கள். இரண்டாம் தாளில் அதே சொற்களை மாற்று நிறங்களில் எழுதுங்கள். சிவப்பு என்ற சொல் பச்சை மையில், நீலம் என்ற சொல் சிவப்பு மையில் என்பதுபோல. மாணவர் சொல்லை வாசிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டியது இது. உளவியல் செய்முறை வகுப்புகளில் நன்கு தெரிந்த சோதனை. சரளமாக வாசிக்கத் தெரிந்தவரால் சொல்லை வாசிக்காமல் இருக்க முடியாது. நாக்கு தடுமாறும், வகுப்பே சிரிக்கும், இரண்டாம் தாளுக்கு நேரம் கூடும்.

சிரிப்பு அடங்கியபின்தான் வேலை தொடங்குகிறது. எங்கள் பள்ளியில் ஒரு மாணவன் எழுந்து, "எல்லாருக்கும் முதல் தாளை முதலில் கொடுத்தீங்க. ரெண்டாவது தாள் வரும்போது களைச்சிருப்பாங்க, அதனாலகூட நேரம் ஆகியிருக்கலாமே மிஸ்" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மறுநாள் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுத்துச் செய்தோம். அப்போதும் நேரம் கூடத்தான் செய்தது. அவன் கேட்ட கேள்விதான் பரிசோதனை வடிவமைப்பு என்ற பாடம். அதன்பின் எல்லாருடைய நேரத்தையும் கரும்பலகையில் எழுதி, இரண்டு தாள்களுக்கும் தனித்தனியே சராசரியும் திட்ட விலக்கமும் கண்டோம். பத்தாம் வகுப்புக் கணக்கில் புள்ளியியலும் நிகழ்தகவும் என்ற கடைசி இயலில் நாம் நடத்தும் அதே திட்ட விலக்கம்தான். பொதுத் தேர்வில் எப்படியும் ஒரு கேள்வி வரும் என்று மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்திவந்த அந்த இயலை இப்போது நான் வேறு மாதிரி நடத்துகிறேன்.

இந்த ஒரு பாடவேளை முடிந்ததும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம். சிலருக்கு முகம் வாடிவிடும். இதுவா சைக்காலஜி என்பார்கள். சிலர் வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கைகளை வைத்து மீண்டும் செய்துவிட்டு வருவார்கள். கணக்கைக் கண்டு ஓடியவர்கள்கூட இரண்டாம் கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள். வணிகவியல் படித்தவருக்கு உளவியல் வராது என்று நான் இப்போது சொல்வதில்லை. பல கல்லூரிகள் எந்தப் பிரிவு மாணவரையும் சேர்த்துக்கொள்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலின் நரம்பு மண்டலப் பாடத்தையும் கணக்கின் புள்ளியியல் இயலையும் மறுபடி படித்துக்கொண்டு போனால் முதலாண்டுக்கு ஓரளவு பிடிமானம் கிடைக்கும்.

முடிந்தால் கல்லூரியை நேரில் பார்த்துவரச் சொல்கிறேன். உளவியல் ஆய்வகம் எங்கே என்று கேட்டால் காட்ட வேண்டும். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பலகை, முல்லர் லையர் கோட்டுப் பலகை, விரல் திறன் பலகை, நுண்ணறிவுச் சோதனைத் தொகுப்புகள் என்று ஏதாவது இருக்க வேண்டும். பூட்டிய அறையைக் காட்டி உள்ளே இருக்கிறது என்று சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

இனி இந்தப் படிப்புக்குப் பின் என்ன என்ற கேள்வி. இங்கேதான் பெற்றோரிடம் மிகத் தெளிவாகப் பேச வேண்டியிருக்கிறது. "என் பொண்ணு மனநல டாக்டர் ஆகப்போறா" என்று ஓர் அப்பா என்னிடம் சொன்னார். மனநல மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் மனநல மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். நீட் வழி அது. உளவியல் பட்டம் அந்த வழியில் இல்லை. உளவியல் படித்து மருத்துவமனையில் பணிபுரிபவர் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதித் தருவது அவர் வேலையன்று. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவும் இளநிலையோ முதுநிலையோ மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வு மன்றம் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அது ஏற்ற மருத்துவ உளவியல் பயிற்சியை முடித்துப் பதிவு பெற வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை அப்படித்தான் வரையறுக்கிறது. இதுவரை முதுநிலைக்குப் பின் இரண்டாண்டு எம்.ஃபில். என்பதே வழக்கமான பாதை. தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு எம்.ஃபில். முறையே மாறிவருகிறது. எனவே நான் பிள்ளைகளிடம் ஆண்டுக் கணக்கு மட்டும் சொல்கிறேன். இளநிலை மூன்று, முதுநிலை இரண்டு, பயிற்சி இரண்டு. ஏழு ஆண்டு குடும்பம் தாங்குமா என்று வீட்டில் பேசிவிட்டு வா என்கிறேன்.

அந்த அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு வருஷத்துல நிறுத்திட்டா என்ன வேலை டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றாண்டுப் பட்டத்தோடு எந்தப் பட்டதாரிக்கும் உரிய போட்டித் தேர்வுகளை எழுதலாம். நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுக்கு முயலலாம். தொண்டு நிறுவனங்களில் களப்பணிக்குச் செல்லலாம். சமூகப் பணியில் முதுநிலை சேரலாம். ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ளும் தகுதி அதில் வராது. ஆசிரியர் ஆகலாமா என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மாநில பி.எட். சேர்க்கையில் உளவியல், சமூகவியல், தத்துவம் போன்ற பாடங்களுக்கு இளநிலை மட்டும் போதாது, முதுநிலையும் வேண்டும். இது தெரியாமல் விண்ணப்பித்து ஏமாந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

தொலைநிலைக் கல்வி பற்றியும் ஒரு வார்த்தை. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் உளவியல் படிக்கலாம் என்று முன்பு நாம் சொல்லிவந்தோம். 2021ஆம் ஆண்டு தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025ஆம் கல்வியாண்டுச் சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. பழைய விளம்பரங்கள் இன்னும் கைப்பேசியில் சுற்றுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் நம்மிடம் கேட்டுக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது நல்லது. நேரடிக் கல்லூரியில் சேர்பவர்களுக்கு, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது பெரிய உதவி.

கடைசியாக, எழுதத் தயங்கிய ஒன்று. "ஏன் உளவியல்?" என்று நான் கேட்கும்போது சில பிள்ளைகள் உடனே பதில் சொல்வதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவி, எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு, "ராத்திரி தூக்கமே வர்றதில்ல மிஸ். இதப் படிச்சா ஏன்னு புரியும்னு நினைச்சேன்" என்றாள். அவள் படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை, உதவி கேட்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் வந்தவளும் தன் அப்பாவை இழந்த ஆண்டில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் அதை இணைத்துப் பார்க்கவே இல்லை.

சொந்த வலி இருப்பவர் உளவியல் படிக்கக் கூடாது என்பதில்லை. அந்த வலிக்கான உதவி மூன்றாமாண்டுப் பாடத்தில் கிடைக்கும் என்று காத்திருக்க விடக் கூடாது. அன்று பாடத்திட்டத்தைத் திறக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைத்தோம். கட்டணமில்லாத எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிறகு அவள் அம்மாவை வரச்சொல்லி மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைத்தேன். சேர்க்கைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, படிப்பைப் பற்றி அதன்பின் பேசினோம். அவள் தாவரவியல் எடுத்தாள். நன்றாகத் தூங்குகிறாளாம்.

ஸ்ட்ரூப் சோதனையில் வரிசையைப் பற்றிக் கேட்ட அந்த மாணவன் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்து, அரசுக் கல்லூரியில் உளவியல் கிடைத்துச் சேர்ந்திருக்கிறான். போவதற்கு முன் என் மேசையில் இருந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப்போனான். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.